எங்கள் அம்மா, பி.எஸ்சி. இயற்பியல்

அம்மாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வருகிறது. முதலாம் ஆண்டு நினைவு மலரில் சிரிக்கலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "உங்காத்தா சும்மாவே சிரிக்கிறவ. நீ அழுது எழுதுனா அவளுக்கே பிடிக்காது" என்று சொல்லிவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார்கள். ஆகவே இம்மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களும் நண்பர்களும், மாலை போட்ட படத்தைப் பார்த்துவிட்டு இந்தப் பக்கத்துக்கு வரும்போது சிரிக்க நேர்ந்தால் தவறாக எண்ண வேண்டாம். அப்பாவிடம் அனுமதி வாங்கித்தான் எழுதுகிறேன்.

அம்மா பிறந்தது கோம்பையில். மானாவாரியில் நிலக்கடலை போடும் குடும்பம். அம்மா சிறுமியாக இருந்தபோதே தாத்தா காலமாகிவிட்டதால், மூத்தவரான எங்கள் மாமாதான் ஏர் பிடித்துத் தங்கையை வளர்த்தார்கள். தாம் ஐந்தாவதோடு நின்றாலும் தங்கையின் படிப்பை மாமா நிறுத்தவில்லை. பிளஸ் டூ என்ற வகுப்பு தமிழ்நாட்டுக்கு வந்த முதல் ஆண்டிலேயே அம்மா அதை எழுதினார்கள். இயற்பியலில் பள்ளியிலேயே முதல் மதிப்பெண். அந்தச் சேதி வந்தபோது அம்மா கோம்பையில் இல்லை. அனுமந்தன்பட்டியில், எங்கள் அப்பா வீட்டில், புது மருமகளாக மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்கள். தேர்வு முடிந்த கையோடு கல்யாணத்தையும் முடித்து வைத்திருந்தார்கள்.

அப்பா உத்தமபாளையத்தில் உரக்கடை வைத்த புதிது. மழை பொய்த்தால் கடையில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அந்த ஆண்டுகளில் அம்மா இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றி, என்னையும் தம்பியையும் வளர்த்து, கடைக்கும் கைகொடுத்தார்கள். கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. பட்ட கஷ்டத்தைச் சொல்லும்போதுகூட, வேறு யாருக்கோ நடந்த வேடிக்கையைச் சொல்வதுபோலத்தான் சொல்வார்கள்.

1998இல் நான் பிளஸ் டூ முடித்தேன். சென்னைக்குக் கவுன்சிலிங் போய், மதுரைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் பிரிவில் இடம் வாங்கிக்கொண்டு அம்மா, அப்பா, நான் மூவரும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். தேனி தாண்டியதும் அம்மா மெதுவாகக் கேட்டார்கள்.

"ஏ ஆத்தா, எலக்ட்ரானிக்ஸ்னா என்னத்தச் சொல்லிக் குடுப்பாக?"

"டயோடு, டிரான்சிஸ்டர்... அதெல்லாம்மா."

"டயோடு ஒரு பக்கந்தான கரண்ட விடும். ஏன் மறுபக்கம் விடலன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

இயற்பியலில் வாங்கிய மதிப்பெண்ணை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்த நான், "அது அப்படித்தாம்மா" என்றேன். அம்மா சொல்லத் தொடங்கினார்கள். எலக்ட்ரான் எங்கிருந்து வருகிறது, நடுவில் ஏன் ஒரு தடுப்பு உண்டாகிறது, மின்கலத்தைத் திருப்பிப் போட்டால் அந்தத் தடுப்பு எப்படி அகலமாகிறது என்று சின்னமனூர் வரும் வரைக்கும் விளக்கினார்கள். பதினெட்டு வருடம் முன்பு படித்தது ஒரு வரிகூட மறக்கவில்லை. முன் சீட்டில் இருந்த அப்பா திரும்பி உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் சொன்னார்கள்: "இம்புட்டையும் தலைக்குள்ள வச்சுக்கிட்டா இத்தன வருசம் புண்ணாக்கு கரைச்ச? நீயும் போய்ச் சேரு புள்ள."

அம்மா அதை விளையாட்டு என்று நினைத்தார்கள். அப்பா மறுநாளே பக்கத்துக் கல்லூரிக்குப் போய் இயற்பியல் துறைத் தலைவரைப் பார்த்துவிட்டார்கள். வயது கடந்திருந்ததால் பல்கலைக்கழகத்தின் தனி அனுமதி வேண்டியிருந்தது. அதற்கும் அலைந்தார்கள். நான் மதுரை விடுதிக்குப் பெட்டி கட்டிய அதே மாதத்தில் அம்மா பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டில் சேர்ந்துவிட்டார்கள்.

சேதி கேட்டுக் கோம்பையிலிருந்து மாமா அடித்துப் பிடித்து வந்தார்கள். "என்ன மாப்ள, பிள்ளைய இன்ஜினியருக்கு அனுப்புறீக, சரி. அவ ஆத்தாளையுமா அனுப்புவாக? ஊரு சிரிக்காதா?"

"சிரிக்கட்டும் மச்சான். அவுக சிரிச்சா நமக்குக் கையா ஒடியப் போகுது?" என்றார்கள் அப்பா. கொடுத்த காப்பியைக் குடிக்காமலே மாமா போய்விட்டார்கள். தங்கை நாலு பேர் வாயில் விழுந்துவிடுவாளோ என்ற பயம்தான் அவர்களுக்கு.

தினமும் காலையில் அப்பாவின் டிவிஎஸ் 50இல்தான் அம்மா கல்லூரிக்குப் போவார்கள். முன்னால் உர மூட்டை, பின்னால் அம்மா. இறக்கிவிட்டுத் திரும்பும்போது வழியில் யாராவது, "யார விட்டுட்டு வர்றீக, மகளையா?" என்பார்கள். "இல்லப்பா, வீட்டுக்காரிய" என்று சொல்லிவிட்டு அப்பா வண்டியை நிறுத்தாமல் வந்துவிடுவார்கள்.

முதல் நாள் அம்மா வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாம் எழுந்து நின்று "குட் மார்னிங் மேடம்" என்றிருக்கிறார்கள். உட்காரச் சொன்னால் ஆசிரியை என்றாகிவிடும், தாம் போய் உட்கார்ந்தாலோ அவர்கள் நின்றுகொண்டே இருப்பார்கள். என்ன செய்வது என்று தெரியாமல் அம்மாவும் நிற்க, அவர்களும் நிற்க, நிஜமான பேராசிரியர் வந்து "என்ன, எல்லாரும் நிக்கிறீங்க?" என்று கேட்ட பிறகுதான் குட்டு உடைந்தது. அன்று மத்தியானமே அந்தப் பிள்ளைகளுக்கு அம்மா "அக்கா" ஆகிவிட்டார்கள். அம்மாவின் டிபன் பாக்ஸில் அம்மாவுக்கு ஒருவாய் மிஞ்சினால் பெரிய விஷயம்.

நான் மாதம் ஒருமுறை வீட்டுக்கு வருவேன். ஞாயிற்றுக்கிழமை அடுப்படி அப்பாவிடமும் தம்பியிடமும் போய்விடும். அம்மாவும் நானும் கூடத்தில் புத்தகத்தைப் பரப்பிக்கொண்டு உட்காருவோம். எனக்குக் கணக்கு கொஞ்சம் வரும், அம்மாவுக்குக் காரணம் நன்றாக வரும். மின்காந்தப் புலம் என்ற பாடத்தில் எனக்கு அரியர் விழுந்தபோது நான் இரண்டு நாள் அழுதேன். அம்மா, "என்ன இன்ஜினியரம்மா, காந்தம் உங்களப் பிடிக்கலையோ?" என்று கேலி செய்துகொண்டே கூட உட்கார்ந்து படித்தார்கள். என்னோடு சேர்ந்து படித்ததில் அடுத்த ஆண்டுப் பாடம் முன்கூட்டியே முடிந்துவிட்டது என்று அவர்களுக்கு வேறு சந்தோஷம்.

இரண்டாமாண்டு முடிவில்தான் இடி விழுந்தது. எழுத்துத் தேர்வில் எல்லாத் தாளிலும் வகுப்பில் முதல். செய்முறைத் தேர்வில் தோல்வி.

அளவீடு எடுப்பதில்தான் சிக்கல். நிறமாலைமானியிலும் நகரும் நுண்ணோக்கியிலும் பக்கவாட்டில் ஒரு சின்ன அளவுகோல் இருக்கும். தலைமயிர் கனத்தில் கோடுகள். எந்தக் கோடு எந்தக் கோட்டோடு நேராக இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். அம்மாவால் அது முடியவில்லை. லேபில் பக்கத்தில் நிற்கும் பிள்ளை, "அக்கா, பதினேழு" என்று சொல்லிவிடும். தேர்வில் யார் சொல்வார்கள்? அளவு பார்ப்பதற்கென்று அங்கே ஒரு லென்ஸ் இருந்தது. அதைக் கேட்டால் கிழவி என்று நினைப்பார்களோ என்று அம்மா தொடுவதே இல்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் கோடுகள் எல்லாருக்கும் கலங்கலாகத்தான் தெரியும், மற்றவர்கள் புத்தியைக் கொண்டு சரியாகச் சொல்லிவிடுகிறார்கள் என்று அம்மா உண்மையாகவே நம்பியிருந்தார்கள்.

அம்மா எதையும் பாதியில் விட்டதில்லை. அன்று விட்டார்கள். புத்தகங்களைச் சாக்கில் கட்டிப் பரணில் ஏற்றச் சொன்னார்கள். "எனக்கு வயசாயிருச்சுங்க. மூள ஓடல. மூணாம் வருசத்துக்கு நான் வரல" என்றார்கள். அப்பா சொல்லிப் பார்த்தார்கள், அந்தப் பிள்ளைகள் வீடு தேடி வந்து சொல்லிப் பார்த்தார்கள். அம்மா எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்து அனுப்பினார்கள், மனதை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. அந்த ஒரு மாதம் வீட்டில் சிரிப்புச் சத்தமே இல்லை என்று தம்பி எனக்குப் போனில் சொன்னான்.

விடுமுறைக்கு வந்த நான் கூடத்தில் உட்கார்ந்து ஒரு சின்ன சர்க்யூட்டை ஈயம் உருக்கிச் சால்டர் செய்துகொண்டிருந்தேன். கையில் சூடான கம்பி. "ஏம்மா, அந்தக் குவியல்ல பழுப்பு, கருப்பு, சிவப்புக் கோடு போட்ட ரெசிஸ்டர் ஒண்ணு எடுத்துக் குடு" என்றேன். நெல்மணி அளவிலான அந்தத் துண்டுகளில் அம்மா ஒன்றை எடுத்தார்கள். ஜன்னல் பக்கம் போனார்கள். கையை முழுசாக நீட்டி, தலையைப் பின்னால் சாய்த்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்கள்.

"பழுப்பு சரி, கருப்பு சரி. மூணாவது சிவப்பா ஆரஞ்சா?"

நான் சூட்டுக்கம்பியைக் கீழே வைத்துவிட்டேன். "ஏம்மா, வெள்ளெழுத்துன்னா என்ன?"

பாடத்தில் கேள்வி கேட்டால் அம்மாவால் பதில் சொல்லாமல் இருக்க முடியாது. நீட்டிய கையை மடக்காமலே ஒப்பித்தார்கள். வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் விறைத்துப்போகும், பக்கத்தில் இருக்கும் பொருளின் பிம்பம் விழித்திரைக்குப் பின்னால் விழும், அதனால் பொருளைத் தள்ளிப் பிடித்துப் பார்ப்பார்கள், குவிலென்ஸ் போட்டால்... என்று சொல்லி வந்தவர்கள் அப்படியே நின்றார்கள். தம் கையைப் பார்த்தார்கள். கையின் கடைசியில் இருந்த ரெசிஸ்டரைப் பார்த்தார்கள். அந்தக் கேள்விக்கு ஒளியியல் தாளில் படம் போட்டு முழு மதிப்பெண் வாங்கியவர்கள் அவர்கள்.

பிறகு சிரித்தார்கள் பாருங்கள். தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய வழிய, மூச்சு வாங்கச் சிரித்தார்கள். சத்தம் கேட்டு அப்பா கொல்லையிலிருந்து ஓடி வந்து, "என்னாச்சு புள்ள?" என்று பதறினார்கள்.

"எனக்கு மூள நல்லாத்தான் ஓடுதுங்க. கண்ணாடி போடணும், அம்புட்டுத்தான்!"

அன்று சாயங்காலமே தேனிக்குப் போய்க் கண்ணாடி வாங்கினோம். ஒன்றரை பவர். திரும்பி வருகிற வழியெல்லாம் பஸ் டிக்கெட், பிஸ்கட் பாக்கெட், தீப்பெட்டியின் பின்பக்கம் என்று ஒன்று விடாமல் படித்தார்கள். மறுநாள் அரிசி பொறுக்கும்போது, "இம்புட்டுக் கல்லு கெடக்கு! இத்தன நாளு கல்லையா தின்னீக? ஒருத்தரும் வாயத் திறக்கலையே" என்று கத்தினார்கள். "சொன்னா அந்தச் சோறும் கிடைக்காதே" என்றார்கள் அப்பா. தம்பி யாரும் சொல்லாமலே பரணில் ஏறிச் சாக்கை இறக்கிவிட்டான்.

மறுதேர்வில் எந்தச் சோதனை என்று சீட்டு எடுத்தபோது அம்மாவுக்கு வந்தது அதே நிறமாலைமானி. வெளியிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அளவீடுகளைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு, "கண்ணாடி என்ன பவர்?" என்று கேட்டிருக்கிறார். "பிளஸ் ஒன்றரை சார். குவியத்தூரம் அறுபத்தாறு சென்டிமீட்டர் சொச்சம்" என்று அம்மா கணக்கையும் சேர்த்துச் சொல்லிவிட்டு வந்தார்கள். மறு ஆண்டு முதல் வகுப்பில் பட்டம்.

பட்டமளிப்பு நாளில் கல்லூரி வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. மாமா இறங்கினார்கள். பின்னாலேயே கோம்பைச் சொந்தங்கள் பட்டுச்சேலை, பழம், பூ, இனிப்பு என்று தட்டுத் தட்டாகத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். "என்னய்யா, இங்கன கல்யாணமா?" என்று காவலாளி மறித்தார். "என் தங்கச்சி பட்டம் வாங்குறாய்யா. பொறந்த வீட்டுச் சீரு இல்லாம எப்படி வாங்குவா? வழிய விடு" என்றார்கள் மாமா. கறுப்பு அங்கியோடு அம்மா ஓடி வந்து அண்ணன் காலில் விழ, மாமா குரல் உடைந்து அழுதார்கள். பொறியியல் முடித்த எனக்கு மறு ஆண்டு ஒரு பேனாதான் கிடைத்தது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

அதன் பிறகு பி.எட். முடித்து, தேனிப் பக்கம் ஒரு பள்ளியில் கடைசி வரை இயற்பியல் ஆசிரியையாக இருந்தார்கள். நான் பெங்களூரில் வேலைக்குப் போனேன். தம்பி கடையைக் கவனித்துக்கொண்டான். சென்ற ஆண்டு நெஞ்சுவலி என்று மதுரை மருத்துவமனையில் சேர்த்தோம். இதயத்தை ஸ்கேன் செய்த இளைஞரிடம், "இந்த ஒலி எத்தன மெகாஹெர்ட்ஸ் தம்பி?" என்று அம்மா கேட்டார்கள். அவர் மூன்று என்றதும், "அப்ப அலைநீளம் ஒரு மில்லிமீட்டருக்குள்ளதான். அதான் இம்புட்டுத் துல்லியம்" என்று என்னைப் பார்த்துத் தலையசைத்தார்கள். இரண்டு நாள் கழித்து எங்களை விட்டுப் போய்விட்டார்கள். இன்னும் இருபது வருடமாவது இருந்திருக்க வேண்டியவர்கள். அந்த வருத்தம் எனக்கு ஆறவில்லை, ஆறும் என்றும் தோன்றவில்லை.

அம்மாவைக் காப்பாற்றப் பாடுபட்ட மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், சேதி கேட்டதும் எங்களுக்கு முன்னால் வந்து நின்ற அனுமந்தன்பட்டி, கோம்பை உறவுகளுக்கும், கடையைத் திறந்து வைத்து நடத்திக்கொடுத்த உத்தமபாளையம் பஜார் நண்பர்களுக்கும், வரிசையாக நடந்து வந்து மலர் வைத்த பள்ளிப் பிள்ளைகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

இன்னும் சிலருக்கு நன்றி சொல்ல வேண்டும். அம்மாவை வீட்டில் கிடத்தியிருந்த அன்று மத்தியானம் நாலைந்து பெண்கள் ஒன்றாக வந்தார்கள். சென்னையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வந்தவர்கள். ஒருத்தி இடுப்பில் கைக்குழந்தை. எல்லாருக்கும் ஏறக்குறைய என் வயது. அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு அவர்கள் அழுத அழுகையைப் பார்த்து, தலைமாட்டில் இருந்த பெரியவள் ஒருத்தி கேட்டாள்: "யாரு மக்கா நீங்க? மகளோட சேக்காளிகளா?"

கைக்குழந்தைக்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இல்லங்காத்தா. இவுக கூடப் படிச்சவுக நாங்க."