மூன்றடி இரண்டு அங்குலம்

பாறசாலை ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில், ஒரு மருந்துக் கடையின் மாடியில் என் அலுவலகம். இருபத்தாறு வருடமாக வீட்டுக்குப் பிளான் வரைகிறேன். அகலமில்லாத மனையில் வீடு வைக்கவேண்டும் என்றால் இந்தப் பக்கத்துக்காரர்கள் என்னைத்தான் தேடி வருவார்கள். அப்பன் விட்டுப்போன பூமியை நாலு மகன்களும் நீளவாக்கில் கிழித்து, ஒவ்வொருவனும் ரோட்டு முகப்பு எனக்கும் வேண்டும் என்று அடம்பிடித்து, கடைசியில் ஒரு கைலி அகலத்துக்கு மனையை வைத்துக்கொண்டு என் முன்னால் உட்காருவான். நாலுகெட்டு வேண்டும், நடுமுற்றம் வேண்டும், ஓட்டுக்கூரை வேண்டும் என்பான். பூவாரில் விடுதிக்காரர்கள் கட்டியிருக்கிறதைப் போனில் படம் பிடித்துக் காட்டுவான். உள்ளுக்குள் சிரித்துக்கொண்டே வரைந்து கொடுப்பேன். என் தலையிலும் அதே மனைதான் எழுதியிருந்தது.

எங்கள் அப்பாவுக்குப் பங்காகக் கிடைத்தது இருபத்திரண்டடி அகலம், நூற்றுப் பத்தடி நீளம். அதில் எனக்குப் பாதி, அக்காவுக்குப் பாதி. பதினோரடியில் மாட்டுக்குக்கூடத் தொழுத்து கட்ட முடியாது. அக்காவுக்குக் கல்யாணம் நடக்கவில்லை. அந்தப் பழைய வீட்டின் முன்னறையில் தையல் மெஷின் போட்டு ஊர்ப் பெண்களுக்கெல்லாம் ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். நான் டிப்ளமா படித்ததும் அந்த மெஷினின் சத்தத்தில்தான். ஒருநாள் நான் வாய் திறக்கும் முன்னே அவளே சொன்னாள்.

"எனக்க பங்கையும் ஒனக்க பேருக்கு எழுதித் தாறேன் மக்கா. பழையத இடிச்சிட்டு நல்லதா ஒண்ணு வை. எனக்கு ஒரு முறி மட்டும் போதும். மெஷினுக்குப் பக்கத்துல, தெக்க பாத்து ஒரு ஜன்னல் இருக்கட்டு."

முறி என்றால் எங்கள் ஊரில் அறை. நெய்யாற்றின்கரைக்குப் போய்ப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். அவளுடைய பங்கில் நின்ற அயினி மரத்தை வெட்டி, அந்த ஜன்னலை அவளே ஆள் வைத்துச் செய்தும் விட்டாள். இரட்டைக் கதவு, நாலடி அகலம். அறை இல்லை, சுவர் இல்லை, பிளான்கூட இல்லை. ஜன்னல் மட்டும் தயாராகிவிட்டது. அதைப் பார்த்து நானும் என் மனைவியும் கேலி செய்தோம்.

பிளானை நான் ஆசை ஆசையாக வரைந்தேன். சும்மா சொல்லக்கூடாது, என் வாழ்நாளில் வரைந்ததில் அதுதான் சிறந்தது. பக்கவாட்டில் விடவேண்டிய இடத்தை விட்டால் பதினேழடிதான் மிஞ்சும். அதற்குள் ரயில் பெட்டி மாதிரி ஒன்றின் பின் ஒன்றாக வரவேற்பறை, நடுமுற்றம், எங்கள் படுக்கையறை, மகளின் அறை, அடுக்களை. எல்லாவற்றுக்கும் பின்னால், தெற்கு ஓரமாக, அக்காவின் அறை. முதல் தாளில் அது பதினோரடிக்கு ஏழடி. முற்றம் ஐந்தடிக்கு ஐந்து என்றால் கிணற்றுக்குள் பார்க்கிற மாதிரி இருக்கிறது என்று என் மனைவி சொன்னாள். சரி, ஏழுக்கு ஏழாக்கினேன். அந்த இரண்டடி வேறு எங்கிருந்து வரும்? அக்காவின் அறை ஒன்பதடியானது. அதற்கடுத்த வாரம், பாத்திரம் கழுவவும் துணி துவைக்கவும் வீட்டின் பின்பக்கம் ஒரு சிமெண்டு மேடை வேண்டும் என்றாள். அதையும் சேர்த்தேன், மூன்றடிக்குக் கொஞ்சம் கூடுதலாக. மேடை வெளியேதானே, அது யாரையும் தொந்தரவு செய்யாது என்று நினைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் பஞ்சாயத்து ஒப்புக்கொண்டாலும் ஆசாரி ஒப்புக்கொள்ளாமல் குற்றியடிக்க மாட்டார்கள். குற்றி என்றால் அஸ்திவார அளவுக்கு அடிக்கிற முளை. வீட்டுச் சுவரின் சுற்றளவைக் கோலிலும் விரலிலும் அவர் கணக்குப் போடுவார். கோல் என்றால் இரண்டரை அடிக்குக் கொஞ்சம் குறைவு, அதில் இருபத்து நாலு விரல். ஒவ்வொரு சுற்றளவுக்கும் ஒரு வயது உண்டு. பால்யம், கௌமாரம், யௌவனம், வார்த்தக்யம், மரணம். இந்து என்ன, கிறிஸ்தவன் என்ன, மரணச் சுற்றில் வீடு வைக்க இங்கே எவனுக்கும் தைரியம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்து பாட்டுப் பாடுகிறவர்கள்கூடத் திங்கட்கிழமை என்னிடம் வந்து, "சுற்று செரியா பாத்துக்கிடுங்க" என்று மெதுவாகச் சொல்லுவார்கள்.

ஆசாரி அலுவலகத்துக்கு வந்தார். அகலத்தையும் நீளத்தையும் நான் தாளைப் பார்த்துப் படித்துச் சொன்னேன். அவர் விரல் மடக்கினார், வெற்றிலைப் பையிலிருந்து ஒரு பழைய நோட்டை எடுத்துப் பார்த்தார், மறுபடியும் விரல் மடக்கினார்.

"சாறே, இது மரணமாக்கும்."

பென்சிலைக் கீழே வைத்தேன். "என்ன செய்யணும்?"

"சுற்றுல ரெண்டு கோல் பதினாறு விரல் கொறையணும். கொறச்சா யௌவனத்துல நிக்கும். பிள்ளைய கெட்டிக் கொடுக்க வேண்டிய வீடில்லியா."

சுற்றில் அவ்வளவு என்றால் நீளத்தில் அதில் பாதி. மூன்றடி இரண்டு அங்குலம். வரவேற்பறையில் ஓரடி, முற்றத்தில் ஓரடி, எங்கள் அறையில் ஓரடி என்று பிய்த்து எடுத்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. நான் தொழில்காரன், எனக்குத் தெரியாததா? அன்று சாயங்காலம் தாளை விரித்து வைத்துக்கொண்டு மனைவியிடம் எங்கே எடுக்கலாம் என்று கேட்டேன். கேட்டதே ஒரு நடிப்பு.

"மைனி ஒத்த ஆளுதானே. அவியளுக்கு அது தாராளம்" என்றாள்.

அவளைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்? ரப்பர் என் கையில்தான் இருந்தது. அக்காவின் அறை ஐந்தடி பத்து அங்குலத்துக்கு ஏழடி ஆயிற்று. கட்டில் போட்டால் மெஷின் இல்லை, மெஷின் போட்டால் கட்டில் இல்லை. மழை பெய்து ஒழுகிப் போவதற்கு நான் ஒதுக்கிய இடம் ஏழுக்கு ஏழு. கூடப் பிறந்தவளுக்கு அதைவிடச் சின்னது. அவ்வளவு சின்னதை அறை என்று எழுதினால் பஞ்சாயத்தில் தள்ளிவிடுவார்கள். அதனால் அனுமதிக்குக் கொடுத்த பிளானில் 'ஸ்டோர்' என்று எழுதினேன். ஸ்டோருக்கு இரட்டைக் கதவு ஜன்னல் எதற்கு? ஒரு காற்றுத்துளை போட்டேன். அக்காவின் அயினி ஜன்னலை வரவேற்பறைக்கு மாற்றினேன்.

குற்றியடிக்கிற அன்று காலையில் பழைய வீட்டை இடித்த இடத்தில் கயிறு கட்டியிருந்தது. விளக்கு, தேங்காய், வெற்றிலை எல்லாம் இருந்தது. நான் வேறு பெருமைக்கு இரண்டு வாடிக்கையாளர்களை வரச் சொல்லியிருந்தேன். ஐந்தரை சென்டில் நாலுகெட்டு எப்படி வைக்கிறேன் பாருங்கள் என்று காட்டத்தான். பழைய வீடு இல்லாததால் காஞ்சிரங்குளத்தில், தன்னோடு தையல் படித்த ஒரு சிநேகிதியின் மாடியறையில் அக்கா தங்கியிருந்தாள். அங்கிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிட்டாள். வேலையிலிருந்து அப்படியே எழுந்து வந்திருப்பாள்போல, கழுத்தில் அளவு நாடா கிடந்தது.

ஆசாரி கோலைப் பிடித்து வெளிக்கயிற்றை அளந்துகொண்டே போனார். பின்பக்கம் திரும்பினார். மேடைக்குக் கட்டிய கயிற்றையும் சேர்த்து அளந்தார். எனக்கு அந்த நிமிடத்தில்தான் உறைத்தது. அலுவலகத்தில் அவருக்கு நான் படித்துச் சொன்ன நீளத்தில் இந்த மேடையும் இருந்தது. இத்தனை வருடத் தொழில்காரன், சுவர் நீளத்தைச் சொல்வதற்குப் பதில் மேடையோடு மொத்த நீளத்தைச் சொல்லியிருக்கிறேன். மேடையைக் கழித்தால், நான் முதலில் வரைந்த சுவர்க் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கிறது. மரணமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒரு அங்குலம்கூடக் குறைக்க வேண்டியிருந்திருக்காது.

ஆசாரிக்கும் ஏதோ இடித்தது. கோலை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"சாறே, இது சுவரு வாற இடந்தானே? மேடையோ மற்றோ இல்லியே?"

மேடைதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். குற்றியைப் பிடுங்கி மூன்றடி தள்ளி அடித்திருப்பார்கள். நல்ல நேரம் தவறியிருக்கும், வேறு நாள் பார்த்திருப்பார்கள், அனுமதிக்கு வேறு பிளான் கொடுக்க வேண்டி வந்திருக்கும். அவ்வளவுதான் நஷ்டம். ஆனால் இரண்டு வாடிக்கையாளர்களும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொந்த வீட்டுக்கே அளவு தப்பாகச் சொன்னவன் என்று ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிப்பார்கள். என் மானம் கப்பல் ஏறிவிடும். அக்கா அந்தக் கயிற்றுக்குப் பக்கத்தில்தான் நின்றாள்.

"ஆமா, சுவருதான்" என்றேன்.

ஆசாரி தலையாட்டினார். விளக்கில் திரியைத் தூண்டிவிட்டுத் தேங்காயை உடைத்தார். அக்கா என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து தேங்காய் முறிகளைப் பொறுக்கி இலையில் வைத்தாள். அந்தக் கயிற்றின் மேல் பிறகு சுவர் வரவில்லை, மேடைதான் வந்தது. மழைக்காலம் வந்துவிட்டது, அதனால் மாற்றினோம் என்று ஆசாரியிடம் ஒரு கதை விட்டேன். அப்படிப் பார்த்தால் சுவர்கள் சுற்றி நிற்கும் உண்மையான அளவு யௌவனமும் இல்லை. அது எதில் விழுகிறது என்று இன்றுவரை நான் கணக்குப் போடவில்லை. பயம்தான், வேறென்ன.

வீடு அழகாக வந்தது. பால் காய்ச்சிய அன்று வந்தவர்களெல்லாம் முற்றத்தில் நின்று வானத்தைப் பார்த்தார்கள். வரவேற்பறை ஜன்னலைத் தடவிப் பார்த்து, "இது எந்தத் தடி?" என்று கேட்டார்கள். என் மனைவி, "எங்க சொந்த மரம்" என்றாள். அக்கா அடுக்களையில் பாயசம் கிளறிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கேட்டிருக்கும்.

அவள் கட்டிலை ஏழடிப் பக்கமாகப் போட்டோம். மெஷினை உள்ளே கொண்டுபோனால் கதவு பாதிதான் திறந்தது. அவள் மெலிந்தவள், ஒருக்களித்து நுழைந்து பார்த்தாள், திரும்ப வெளியே வந்தாள்.

"மெஷின பின்னால மேடையில வச்சிக்கிடலாமே மைனி. நல்ல காத்து உண்டு" என்றாள் என் மனைவி.

நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த மேடைக்காகத்தான் அவள் அறை போயிற்று என்று எனக்குத் தெரியும், என் வாயில் கொழுக்கட்டை. மெஷின் மேடையில் இருந்தது. சாரல் அடிக்கும்போதெல்லாம் அக்கா பழைய போர்வையைப் போட்டு மூடினாள். ஒரு தடவை ஒரு பெண் தைக்கக் கொடுத்திருந்த கல்யாணப் பட்டுத் துணியில் பாத்திரம் கழுவுகிற தண்ணீர் தெறித்துவிட்டது. என் மனைவி, "பாத்து வைக்கக் கூடாதா மைனி?" என்றாள். அக்கா அந்தப் பெண்ணுக்குப் புதுத் துணி வாங்கித் தைத்துக் கொடுத்தாள். அதற்கு மறுநாள் ஆட்டோ வரவழைத்து மெஷினை ஏற்றினாள். போகும்போது என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. "வாறேன் மக்கா" என்று வழக்கம்போலத்தான் சொன்னாள்.

நான் தடுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், ஆட்டோ திருப்பத்தில் மறைந்ததும் எனக்கு மூச்சு லேசாக வந்தது. ஒரு மாதத்துக்குள் அந்த அறையில் அரிசிச் சாக்கும், தேங்காயும், ஓடாத மிக்சியும் குடியேறின. பிளானில் எழுதியது பலித்துவிட்டது.

ஊர் சும்மா இருக்குமா? "அக்கா எங்க? காணவே இல்லியே" என்று கடையில் கேட்டார்கள், பஸ் ஸ்டாப்பில் கேட்டார்கள். மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம். வீட்டுக்கு வருகிறவர்கள் அதையும் கேட்பார்கள். அதற்காகத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு காஞ்சிரங்குளம் போனேன், அவள்மேல் பாசம் பொங்கி அல்ல.

சிநேகிதி வீட்டார் கோயிலுக்குப் போயிருந்தார்கள். அக்கா மாடியறையில் தனியாக இருந்தாள். அவளுடைய மெஷின் ஜன்னலுக்குப் பக்கத்தில் கிடந்தது. ஒரு ஜாக்கெட்டின் கையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். நான் நீளமாகப் பேசினேன். அரிசிச் சாக்கை எடுத்துவிடுகிறேன் என்றேன். ஸ்டோர் சுவரை உடைத்து ஒரு ஜன்னல் வைத்துத் தருகிறேன் என்றேன். ஆசாரி சொன்னதால்தான் அறையைக் குறைக்க வேண்டி வந்தது, உயிர் சம்பந்தப்பட்ட காரியம், நான் என்ன செய்ய முடியும் என்றேன். அந்தப் பொய்யை அவ்வளவு நாளில் நானே முக்கால்வாசி நம்பியிருந்தேன்.

அவள் பிரித்த நூலை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டாள்.

"தையலுக்கு விடுற துணியையும் சேத்து ஒருத்தி அளவு எடுத்தா, அந்தச் சட்டை செரியாவுமா மக்கா?"

எனக்குப் புரிந்தது. புரியாதவன் மாதிரி நின்றேன்.

"நீ மேடையையும் சேத்தாக்கும் அவருகிட்ட அளவு சொன்னது. குற்றியடிச்ச அண்ணைக்கு நீ மொகம் வெளுத்து நின்னத நான் பாத்தேன். எல்லாரும் சாப்பிடப் போன பெறவு, கழுத்துல கெடந்த நாடாவ வச்சி நானும் அளந்து பாத்தேன். சொவரு வாற இடம் எது, மேடை வாற இடம் எதுண்ணு எனக்குத் தெரியாதா? மேடை சரியா மூணடி ரெண்டங்குலம்."

"பின்ன ஏன்க்கா ஒரு வார்த்த சொல்லல்ல?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே அசிங்கமாக இருந்தது.

அவள் ஜாக்கெட்டின் கையைத் திருப்பி மெஷின் ஊசிக்கடியில் வைத்தாள்.

"நீ சொல்லுவியாண்ணு பாத்தேன். வீடு கெட்டி முடியிறது வரைக்கும் பாத்தேன்" என்றாள். அப்புறம் மெஷினை மிதிக்கத் தொடங்கினாள்.