ஈரலுக்கு வந்த மாதவிலக்கு

போன ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூரில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்தில் செல்வமணி உட்கார்ந்திருந்தாள். என் கணவரின் தங்கை. எதிர்வரிசையில் ஒரு பெரியவர்... ஊரில் யாருக்கு என்ன நோய் என்று தெரியாவிட்டால் சோறு இறங்காத ரகம். இலையில் வடை விழுந்ததுமே விசாரணையை ஆரம்பித்துவிட்டார்.

“ஈரல்ல ஆபரேஷனாமே? பொம்பளைப் புள்ளைக்கு ஈரல் எப்படிம்மா கெடும்?”

செல்வமணி சாம்பாரை வாங்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்.

“கெடலைங்க மாமா. மாசாமாசம் அதுக்கும் தூரம் வந்துச்சு. அதான் அறுத்து எடுத்தாங்க.”

பெரியவர் பாயசத்துக்குக் காத்திருக்கவில்லை.

இதெல்லாம் பத்திரிகையில் எழுதுகிற விஷயமா என்று நீங்கள் முகம் சுளிப்பது அரியலூர் வரை தெரிகிறது. பரவாயில்லை, சுளித்துக்கொண்டே படியுங்கள்.

செல்வமணியைப் பாடாலூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை தங்கராசுவுக்கு மெயின் ரோட்டில் பஞ்சர் கடை. தங்கமான மனுஷர்... பொழுது சாயும் வரை. அதற்குமேல் அவர் சாராயக் கடையின் சொத்து.

கல்யாணமாகிச் சில வருஷங்களாகியும் குழந்தை இல்லை. பதிலுக்கு ஒரு வலி வந்தது. வலது விலாவுக்குக் கீழே பிடித்து இழுக்கும், தோள்பட்டை வரை ஏறும். மூச்சை முழுதாக இழுக்க முடியாமல் சுருண்டு கிடப்பாள். மூன்று நான்கு நாள்தான். அப்புறம் எழுந்து மாவாட்டுவாள். அடுத்த மாதம் மறுபடியும் சுருண்டுகொள்வாள்.

எழுந்து மாவாட்டியதுதான் அவள் செய்த தப்பு. மாமியார் தீர்ப்பு சொல்லிவிட்டார்.

“நோவுன்னா தொடர்ந்தாப்புல நோவணும். இதென்ன, லீவு வுட்டு லீவு வுட்டு வருது?”

வைத்தியத்துக்குக் குறைவில்லை. கண் மஞ்சளாக இல்லாவிட்டாலும் காமாலைதான் என்று ஒருவர் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்தார். வாயு என்று ஒருவர் பூண்டை வறுக்கச் சொன்னார். காற்று கருப்பு என்று ஒருவர் வேப்பிலையால் அடித்தார். வலிக்கிற இடத்திலேயே அடித்தார். டவுன் டாக்டர் ஒருவர் விலாவை அழுத்திப் பார்த்து, ஈரல் வீக்கம் என்றார். “குடிப்பாரா?” என்றும் கேட்டார். யாரைக் கேட்டார்? நோயாளியை இல்லை, கூட வந்த தங்கராசுவை. கேள்வி யாரைப் பற்றி என்று புரியாமல் அவர் திருட்டு முழி முழித்தாராம்.

அவ்வளவுதான். புருஷன் வாங்கி வைப்பதை இவள் ரகசியமாகக் குடிக்கிறாள் என்று தெருவே பேசியது. தினமும் குடிக்கிறவரின் ஈரல் கல் மாதிரி இருக்க, மோர் குடிக்கிறவளுக்குக் குடிகாரிப் பட்டம்!

இதற்கிடையில் தங்கராசுவின் அக்கா, எறையூரில் ஒரு பெண் இருப்பதாகத் தம்பியிடம் ஆரம்பித்துவிட்டாள். தம்பி என்ன சொன்னார்? பகலில் கேட்டால் வேண்டாம் என்றார். பொழுது சாய்ந்து கேட்டால் பார்க்கலாம் என்றார். செல்வமணி எங்கள் வீட்டுக்கு வந்து அழுதாள். நோய்க்காக அழவில்லை. நோய் இருக்கிறது என்று ஒருத்தர்கூட நம்பவில்லையே என்று அழுதாள்.

நானும் என் கணவரும் அவளைத் திருச்சிக்குக் கூட்டிப்போனோம். தங்கராசுவும் வந்தார். அங்கே இப்போதுதான் வந்திருக்கும் ஸ்கேன் மிஷினில் படம் எடுத்தார்கள். ஈரலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கட்டி. சீழாக இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், திறந்து பார்த்துவிடலாம் என்றார் பெரிய டாக்டர். அந்த ‘வேறாகவும்’ என்ற வார்த்தையில் தங்கராசு சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் செல்வமணி வாயைத் திறந்தாள். வீட்டுக்குத் தூரமாகும் நாளில்தான் வலி வருகிறது, முடிந்தால் போய்விடுகிறது என்றாள். இத்தனை வருஷத்தில் எந்த டாக்டரும் அதைக் கேட்கவில்லை. ஆண்கள் நிற்கும் இடத்தில் சொல்ல அவளுக்கும் கூச்சம். உயிர்ப் பயம் வந்ததும் கூச்சம் போய்விட்டது.

பெரிய டாக்டர் சிரித்தார். “அதுக்கும் ஈரலுக்கும் என்னம்மா சம்பந்தம்?”

ஆபரேஷன் நடந்தது. எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் வந்த அன்று டாக்டர் வார்டு வாசலில் தங்கராசுவை நிறுத்தி இங்கிலீஷில் விளக்க ஆரம்பித்தார். பஞ்சர் ஒட்டுகிறவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கட்டிலில் இருந்தபடியே செல்வமணி கூப்பிட்டாள்.

“என் வயித்துல இருந்ததை என்கிட்ட சொல்லுங்க டாக்டர்.”

வார்டே திரும்பிப் பார்த்தது. டாக்டர் வந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கர்ப்பப்பையின் உள்ளே இருக்கும் சதை மாதிரியே ஒன்று ஈரலில் வளர்ந்திருக்கிறது. மாதாமாதம் உள்ளே கசிவது போல அங்கேயும் கசிகிறது. அங்கே வெளியேற வழியில்லை. ரத்தம் கட்டிக்கொண்டு வலிக்கிறது. கர்ப்பப்பைக்குப் பக்கத்தில் இப்படி வருவது உண்டு, ஈரலில் வருவது மிக அபூர்வம். புற்றுநோய் இல்லை. இவ்வளவும் தமிழிலேயே சொன்னார், அழகாக.

ஏன் வந்தது என்று அவள் கேட்டாள். “எங்களுக்கே சரியாத் தெரியலைம்மா” என்றார். கொஞ்சம் தயங்கி, “நீங்க அன்னிக்குச் சொன்னதைத்தான் நான் பிடிச்சிருக்கணும்” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவருடைய சிரிப்பை மன்னித்துவிட்டேன். மறுநாள் அபூர்வ கேஸைப் பார்க்க மாணவர் கூட்டத்தை அவர் அழைத்து வந்ததை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை. நம்பவே ஆளில்லாத வலியைப் பார்க்க இப்போது கியூ!

பாடாலூரில் செய்தி வேறு மாதிரி போய்ச் சேர்ந்தது. கர்ப்பப்பை ஈரலுக்கு ஏறிவிட்டதாம். இடம் மாறிப்போனவளுக்கு இனிமேல் ஏது பிள்ளை என்று அக்கா மறுபடியும் எறையூரை எடுத்தாள். நான் அன்றைக்கு அங்கேதான் இருந்தேன். தங்கராசு கடையை மூடிவிட்டு, வழக்கமான இடத்துக்கும் போய்விட்டுத்தான் வந்திருந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

“அந்தப் பேச்சை இதோட வுட்டுடுக்கா. நோவுன்னு அவ சொன்னப்ப நான் நம்பல. அந்தப் பாவமே போதும்.”

பொழுது சாய்ந்த பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை. செல்வமணி அடுப்படியில் நின்றபடி அதைக் காதில் வாங்கினாள். அவருக்குத் தட்டு எடுத்து வைத்தாள்.

வலி இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறாள். திரும்ப வரலாம் என்று டாக்டர் எச்சரித்திருக்கிறார். குழந்தையைப் பற்றி அவர் எந்த வாக்கும் தரவில்லை, அவளும் கேட்கவில்லை.

இப்போதெல்லாம் தெருவில் எந்தப் பெண் வயிற்று வலி என்றாலும் செல்வமணி கேட்கும் முதல் கேள்வி, “தூரத்தோட வருதா, தனியா வருதா?” சத்தமாகத்தான் கேட்கிறாள். ஆண்கள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார்கள்.

திருப்பட்டும்... கழுத்துக்கு நல்ல பயிற்சி!