மேசை நடுவே ஒரு தட்டு நாற்று

வெளியே தில்லி வெயில் கொளுத்துகிறது. கூட்ட அறைக்குள் ஏசி. மேசை நடுவே பூச்சாடி வைக்கும் இடத்தில், நடவு இயந்திரத்துக்காகப் பாய் போல் வளர்த்த நெல் நாற்றை ஒரு தட்டில் வைத்திருக்கிறார்கள். விஞ்ஞானி, வங்கி அதிகாரி, திருச்சி இயந்திரக் கம்பெனிக்காரர், விவசாயிகள் சார்பில் நான். புதிய நடவு முறையை எல்லோரும் சேர்ந்து பரப்புவது பற்றிப் பேசுகிறோம்.

மன்னார்குடியில் என் வயலோரம் இதே நாற்று, நட வேண்டிய நாள் தாண்டி முற்றிக்கொண்டிருக்கிறது. காலையில் மனைவி போனில் சொன்னாள்: "மெஷின் இன்னும் வரலீங்க. கம்பெனில கேட்டா, சார் டெல்லி மீட்டிங்ல இருக்காருங்கிறாங்க."

அந்த சார் எதிரே முந்திரி கொறிக்கிறார்.

தட்டின் ஓரத்தில் நாற்று வாடுகிறது. என் பாட்டில் தண்ணீரை அதில் ஊற்றுகிறேன். ஈரமண் வாசனை எழுகிறது. இப்போதே ரயிலேறிவிடத் தோன்றுகிறது.

எனக்காக இந்தியில் மொழிபெயர்க்கும் பெண், தில்லி சரோஜினி நகரில் வளர்ந்த தமிழ்ப்பெண். மெதுவாகச் சொல்கிறாள்: "எதுக்கு அங்கிள்? இது டிஸ்ப்ளேக்குத்தான். ஈவ்னிங் தூக்கிப் போட்டுடுவாங்க."

"எங்கயாவது நட்டுடலாமேம்மா."

"இங்க எங்க அங்கிள் நடறது?"

மைக் என்னிடம் வருகிறது. தயாரித்து வந்த பேச்சு மறந்துபோகிறது.

"ஊர்ல எங்க நாத்து காத்துக்கிட்டிருக்கு சார். எல்லாரும் கிளம்பி அங்க போயிடலாமா?"

அவள் இந்தியில் சொன்னதும் அறையே சிரிக்கிறது. திருச்சிக்காரர் மட்டும் முந்திரியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நாற்றுத் தட்டைப் பார்க்கிறார்.