உது எது

காலை பத்து இருபதுக்கு மகள் “உது” என்றாள். பிழை அங்கேதான் தொடங்கியது. எனக்கு அது பதினொன்றரைக்குத்தான் தெரிந்தது.

முதல் நாள் அவளைக் காய்ச்சலோடு சாவகச்சேரி ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். மடிக்கணினி மீசாலையில் எங்கள் வீட்டில் கிடந்தது. அதற்குள் அவளுடைய கடைசி வருடச் செயற்றிட்டம். மாலை ஐந்து மணிக்குள் அவள் படிக்கும் கம்பசுக்கு அனுப்பாவிட்டால் ஒரு வருடம் போய்விடும். ஆஸ்பத்திரியிலிருந்து அவள் போனில் சொல்லச் சொல்ல, வீட்டில் நான் செய்தேன்.

நான் புவியியல் படிப்பிக்கிறவள். மனிதர் எழுதுவதைக் கணினிக்கு விளங்கும்படி மாற்றித் தருவது கொம்பைலர் என்ற அளவுக்கு மகள் சொல்லித் தந்திருக்கிறாள். அவள் திருத்தி எழுதியதும் ஒரு கொம்பைலர்தானாம். அதைக் கட்டி எடுக்க இன்னொரு கொம்பைலர் வேண்டுமாம். அப்படியென்றால் அந்த இன்னொன்றை எது கட்டியது என்று போனில் கேட்டேன்.

“அம்மா, அதை இப்ப கேளாதேங்கோ.”

திரையில் அந்த இன்னொன்றின் மூன்று பதிப்புகள் வரிசையாக இருந்தன. நடுவில் இருந்ததை வாசித்துக் காட்டினேன். அவள் யோசித்தாள். அந்த இடைவெளியில் என் விரல் ஆகப் புதியதற்கு இறங்கிவிட்டது. புதியது நல்லதாகத்தானே இருக்கும் என்று ஒரு நினைப்பு.

“ஓம், உதையே எடுங்கோ,” என்றாள். அத்தோடு அவளுடைய போன் சார்ஜ் முடிந்து நின்றது.

எங்கள் பேச்சில் உது என்றால் கேட்பவருக்குப் பக்கத்தில் இருப்பது. என் விரலுக்குப் பக்கத்தில் இருந்ததை அழுத்தினேன்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எழுத்துகள் ஓடின. பிறகு சிவப்பு வரிகள் வந்தன, எல்லாம் நின்றுவிட்டது. பழைய முறையில் எழுதியதைப் புதியது ஏற்காது என்பது போல ஏதோ. நான் விளங்கிக்கொண்டது சரியா என்று இன்றைக்கும் தெரியாது. மற்ற இரண்டில் ஒன்றைத் தொடவா? பாதியில் நின்றதை முதலில் அழிக்க வேண்டுமா? அழித்தால் அவள் எழுதியதும் சேர்ந்து போய்விடுமா? ஆஸ்பத்திரியில் நின்ற கணவருக்குப் போன் எடுத்தேன். அவருடைய போன் எங்கள் சாமியறைத் தட்டில் கிடந்து அடித்தது.

ஒன்றே காலுக்கு மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. மகளைப் பார்த்துவிட்டுக் கணவர் வந்திருந்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஒரு கடதாசித் துண்டை நீட்டினார். நடுவில் இருந்த பதிப்பின் இலக்கத்தை மகள் அதில் எழுதியிருந்தாள். கீழே, முதலில் எதை அழிக்க வேண்டும் என்றும்.

“உது எண்டு சொல்லேக்கை அம்மாவின்ரை விரல் எதிலை நிண்டது எண்டு கேக்கட்டாம்,” என்றார். “புதுசிலைதான் நிண்டிருக்கும் எண்டும் அவளே சொல்லிப்போட்டாள். இரும், அஞ்சு மணிக்கு இன்னும் நேரம் கிடக்காம்.”