பரிமாறும் கம்ப்யூட்டர்

பதினாறு வருஷம் கணக்கு டீச்சராக இருந்துவிட்டு, கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் டிராக்டர் உதிரிபாகம் விற்கும் கம்பெனியில் கம்ப்யூட்டர்களுக்குப் பொறுப்பேற்றவள் புருல்சுன். பிள்ளைகளை அதட்டிய குரலிலேயே கம்ப்யூட்டர்களையும் அதட்டுவாள். அவையும் பெரும்பாலும் கேட்கும்.

கேட்காதது நாரின் கிளை. மலை தாண்டிப் போகும் இணைய லைன் அங்கே நூலிழைதான். புது விலைப்பட்டியல் அனுப்பினால் எட்டு கம்ப்யூட்டரும் ஒரே சமயத்தில் இழுக்கும். லைன் திணறி நின்றுவிடும். ஒன்று மட்டும் வாங்கி மற்ற ஏழுக்கும் அங்கேயே கொடுக்கட்டும் என்று திட்டம் போட்டாள். திங்கட்கிழமைக்குள் நடக்காவிட்டால் வேலை வெளியாட்களுக்குப் போய்விடும் என்று முதலாளி சொல்லியிருந்தார்.

அந்த ஒன்றாக அவள் குறித்தது கிளைத் தலைவர் தொக்தோசுனின் கம்ப்யூட்டரை. புதுசு, இடமும் தாராளம். பெரியவருக்கு முதலில் போவதுதானே மரியாதை?

வெள்ளிக்கிழமை மதியம்வரை எதுவும் அசையவில்லை. அங்கே பில் போடும் கனிஷாயைக் கூப்பிட்டாள்.

“தலைவரோடதா? செவ்வாக்கெழம மச்சினன் வீட்டுத் துக்கத்துக்குப் போனாருக்கா. அணைச்சு, ரூமையும் பூட்டிட்டுப் போயிட்டாரு.”

“நாள்பூரா ஓடுறது யாருது?”

“என்னுதுதான். கதவோரம் ஒக்காந்து எல்லாருக்கும் டீ ஊத்துறவ நான் எங்க போவேன்?”

புருல்சுனுக்குச் சுரீரென்றது. விருந்தில் கதவுக்கு எதிரே மேல் இடத்தில் உட்கார்ந்த பெரியவர் கையில் யாராவது டீக் கெண்டியைக் கொடுப்பார்களா?

“உன்னுதுல எவ்வளவு எடம் இருக்கு?”

“எங்கக்கா இருக்கு? ஆறு கல்யாணத்து போட்டோ கெடக்கு.”

“அழி.”

“யாரு கல்யாணத்த?”

“விவாகரத்து ஆனதுலேருந்து ஆரம்பி.”

ஆனால் கிளையில் எதை மாற்றினாலும் தலைவர் சம்மதிக்க வேண்டும். துக்க வீட்டிலிருந்தே தொக்தோசுன் பேசினார்.

“என்னுதுக்கு என்னம்மா கொறை? அந்தப் பொண்ணோடது ஓட்டை டப்பா!”

“ஒரு கொறையும் இல்லண்ணே. மேல ஒக்காந்திருக்கிற உங்கள எழுந்து டீ ஊத்தச் சொன்னா நல்லாவா இருக்கும்?”



“அதுவும் சரிதான். ஆனா மொதல் கிண்ணம் எனக்கு வரணும்.”

“வரும்ண்ணே. வந்து கம்ப்யூட்டரப் போடுங்க.”

அவர் வரவில்லை. சனிக்கிழமை மதியத்துக்குள் மற்ற ஏழிலும் பட்டியல் ஏறிவிட்டது.

“எட்டாவது?” என்றார் முதலாளி.

“துக்கத்துக்குப் போயிருக்கு” என்றாள் புருல்சுன்.

அவர் சிரித்துவிட்டு, பாக்கிப் பத்துக் கிளைகளையும் அவளையே பார்க்கச் சொன்னார்.