காணாமல் போன முதல் வார்த்தை

“அண்ணே, ஒரு அரைநாளைக்கு உங்க கண்ணைக் கடன் தருவீங்களா?”

போன வாரம் காலையில், பக்கத்து வீட்டு ஹேமா வாசலில் நின்று இப்படித்தான் கேட்டார்.

ஹேமாவுக்குப் பார்வை கிடையாது. கல்லூரி முடிக்கும் வயதில் போய்விட்டது. அதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை, நானும் கேட்பதில்லை. ஒத்தக்கடையில் எங்கள் தெருவில் காலை முழுக்க ஒலிக்கிற குரல் ஒன்று உண்டென்றால் அது அவருடையதுதான். ஒரு தனியார் மருத்துவமனைக்கு வருகிற போன்களை வீட்டிலிருந்தே எடுத்துப் பேசுகிற வேலை. எந்த டாக்டர் இருக்கிறார், எப்போது வரலாம், வெறும் வயிற்றோடு வரவேண்டுமா... இதெல்லாம் அவர்தான் சொல்வார்.

எப்படி? ஒரு காதில் போன். இன்னொரு காதில் கம்ப்யூட்டரின் ஹெட்செட். திரையில் இருப்பதைப் படித்துக் காதில் சொல்லும் சாஃப்ட்வேர் ஒன்று இருக்கிறது. ஒரு கீயை அமுக்கினால் ஒரு வரி பேசும்; முதலில் ‘அவைலபிள்’ அல்லது ‘நாட் அவைலபிள்’, அப்புறம்தான் எந்த டாக்டர் என்பது. என்ன வேகம் என்கிறீர்கள்... மாட்டுத்தாவணியில் பஸ் கிளம்பும்போது கண்டக்டர் ஊர்ப்பெயர்களை அடுக்குவாரே, அந்த வேகம்! எனக்கு ஒரு எழுத்துகூடப் பிடிபடவில்லை. ஹேமாவுக்கு அது நிதானமான பேச்சு.

“கண்ணு தாரேன். என்ன விஷயம்?” என்றேன்.

உள்ளே உட்காரவைத்துச் சொன்னார். பல வருஷமாகப் பழைய கம்ப்யூட்டரில் வேலை பார்த்தவர். அண்மையில் மருத்துவமனையில் எல்லாருக்கும் புது லேப்டாப் கொடுத்தார்கள். அதிலிருந்து ஆரம்பித்தது வினை. இல்லாத டாக்டரை ‘இருக்கிறார்’ என்று சொல்லிவிடுகிறாராம். எப்போதும் இல்லை, எப்போதாவது.

கடைசியாக ஏமாந்தவர் உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி ஒருவர். மனைவிக்கு மூட்டுவலி. மல்லிகைப்பூ பறிக்க முடியவில்லை, ராத்திரி தூங்க முடியவில்லை என்று போனில் நெடுநேரம் சொல்லியிருக்கிறார். ஹேமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, கீயை அமுக்கிப் பார்த்து, “டாக்டர் இருக்காருண்ணே, வாங்க” என்றிருக்கிறார். அந்த மனுஷர், நடக்க முடியாத மனைவியை இரண்டு பஸ் மாற்றிக் கூட்டிவந்தால், டாக்டர் வெளியூரில்!

“ரிசப்ஷன்ல உக்காந்து சத்தம் போட்டிருக்காரு. அவரு போட்டது நியாயம்தானே? மேனேஜர் போன் பண்ணாரு.”

“திட்டுனாரா?”

“திட்டியிருந்தாக்கூடப் பரவால்லண்ணே. ‘உங்க மேல தப்பில்ல மேடம், புது சிஸ்டம் உங்களுக்கு செட் ஆகல போல. வர்ற வாரத்துலேருந்து போனை வேற ஆளு பாக்கட்டும், உங்களுக்கு வேற ஏதாச்சும் பாப்போம்’னாரு. அம்புட்டு அன்பா சொன்னாரு.”

அந்த அன்புதான் ஹேமாவைத் தூங்கவிடவில்லை.

“நான் கேக்குறதும் ஸ்கிரீன்ல இருக்குறதும் ஒண்ணுதானான்னு எனக்குத் தெரியணும். அதுக்குத்தான் கண்ணு கேட்டேன்.”

ஆரம்பித்தோம். அவர் கீயை அமுக்கி, காதில் விழுந்ததைச் சொல்வார். நான் திரையைப் பார்த்துச் சரிபார்ப்பேன். அவைலபிள், எலும்பு டாக்டர். சரி. நாட் அவைலபிள், குழந்தைகள் டாக்டர். சரி. தோல், கண், காது... எல்லாம் சரி. மேலிருந்து கீழே போனோம். கீழிருந்து மேலே வந்தோம். ஒரு தப்புகூட இல்லை.

ஹேமாவின் முகம் வாடிவிட்டது. “அப்ப லேப்டாப் மேல தப்பில்ல. என் காதுதான்.”

அவருடைய அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, மகளிடம் சௌராஷ்டிரத்தில் ஏதோ கேட்டார். ஹேமா ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னார். எனக்கு அந்த மொழி தெரியாது. ஆனால், நல்ல சேதி இல்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

வீட்டில் இறுக்கம் வந்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது. சிம்மக்கல்லில் ஒரு கதவுக் கீல் வாங்கப் போன கதையை எடுத்துவிட்டேன். அந்தக் கடையில் இல்லை, அடுத்த கடையில் கேட்டால் எதிர்க்கடை, எதிர்க்கடையில் கேட்டால் மறுபடி முதல் கடை... (என் பேச்சால் இதுவரை யாருக்கும் எந்தப் பிரயோஜனமும் இருந்ததில்லை என்பது என் மனைவியின் அபிப்ராயம்.) ஹேமா மரியாதைக்குச் சிரித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். நான் மூச்சு வாங்கிய இடைவெளியில், கை பழக்கத்தில் ஒரு கீயை அமுக்கினார்.

“அவைலபிள்... நரம்பு டாக்டர்” என்றார்.

நான் திரையைப் பார்த்தேன். நாட் அவைலபிள்.

“இல்லையேம்மா!”

நான் நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துப் போட்டேன்.

“மறுபடி அமுக்கு.”

அமுக்கினார். “நாட் அவைலபிள்” என்றார் மெதுவாக. “இப்பச் சரியாச் சொல்லுது. அப்ப அந்த ‘நாட்’ எங்கண்ணே போச்சு?”

அதுதானே கேள்வி! அதே வரி, அதே திரை, அதே காது. முதல் தடவை ஒரு வார்த்தை காணாமல் போகிறது. இரண்டாம் தடவை வந்துவிடுகிறது. மிச்சம் இருக்கிற ‘அவைலபிள்’ தெளிவாகக் கேட்கும்போது, இரண்டாம் தடவை அமுக்கிப் பார்க்க யாருக்குத் தோன்றும்?

கண்டுபிடித்தது ஹேமாதான். “அண்ணே, கொஞ்ச நேரம் லேப்டாப்பைத் தொடாம இருப்போம்” என்றார். இருந்தோம். ஃபேன் சத்தம். மேலூர் ரோட்டில் பஸ் ஹாரன். பிறகு கீயை அமுக்கினார். மறுபடியும் முதல் வார்த்தை காணோம். கை எடுக்காமல் தொடர்ந்து அமுக்கினால் ஒன்றும் தொலைவதில்லை. சும்மா விட்டு அமுக்கினால் தொலைகிறது.

“தூங்கிருதுண்ணே இது! ஹெட்செட்டு தூங்கிருது. நான் எழுப்புறப்ப, அது முழிக்கிறதுக்குள்ள முதல் வார்த்தை போயிருது.”

தேட ஆரம்பித்தோம். லேப்டாப்பின் செட்டிங்ஸுக்குள் போனால், அதில் சொருகியிருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு ஜாதகம் இருக்கிறது. அதில் பவர் என்று ஒரு பகுதி. ஹெட்செட் சொருகியிருந்த யுஎஸ்பி துளைக்கான பக்கத்தைத் திறந்தபோது நான் வாய்விட்டுப் படித்தேன் — மின்சாரத்தைச் சேமிக்க, இந்தச் சாதனத்தை அணைத்துவைக்கக் கம்ப்யூட்டரை அனுமதிக்கவும். பக்கத்தில் ஒரு குட்டிக் கட்டம். கட்டத்துக்குள் ஒரு டிக்.

“யாரு டிக் போட்டது?” என்றார் ஹேமா.

யாரும் போடவில்லை. அது டிக்கோடுதான் வந்திருந்தது!

கம்ப்யூட்டரின் கணக்கு இதுதான். கொஞ்ச நேரமாக ஹெட்செட்டுக்கு வேலை இல்லை. அப்படியென்றால் அது யாருக்கும் தேவை இல்லை. எதற்கு வீணாகக் கரன்ட்? அணைத்துவிடு. பேட்டரியைக் காப்பாற்றுகிற நல்ல எண்ணம்தான்; நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஹெட்செட் எப்போது சும்மா இருக்கும்? இன்னொரு காதில் ஹேமா ஒருவருடைய கஷ்டத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும்போது! சட்டென்று பேசி முடிப்பவர்களுக்குச் சரியான பதில் போயிருக்கிறது. யாருடைய வேதனையை அவர் நெடுநேரம் பொறுமையாகக் கேட்டாரோ, அவர்களுக்குத்தான் தப்பான பதில் போயிருக்கிறது.

இதைச் சொன்னபோது ஹேமா சிரிக்கவில்லை. “அந்த உசிலம்பட்டி அண்ணன் எம்புட்டு நேரம் பேசுனாரு தெரியுமா?” என்றார்.

டிக்கை எடுத்தோம். காத்திருந்து அமுக்கினோம். முழு வரியும் வந்தது. கைதட்டாத குறை.

அந்த நேரம் பார்த்துக் கரன்ட் போனது. எங்கள் பகுதிக்கு அன்று அறிவித்திருந்த மின்தடை. லேப்டாப் பேட்டரிக்கு மாறியது. ஹேமா கொஞ்ச நேரம் விட்டு அமுக்கிப் பார்த்தார்... மறுபடியும் முதல் வார்த்தை அவுட்!

இப்போது எனக்கு வெறியே வந்துவிட்டது. தேடியதில் இன்னோர் இடம் அகப்பட்டது. லேப்டாப்பின் பொதுவான பவர் திட்டம். அதில் ஒவ்வொன்றுக்கும் இரண்டு பதில் வைத்திருக்கிறார்கள். கரன்ட் இருந்தால் ஒன்று, பேட்டரியில் ஓடினால் ஒன்று. வேலையில்லாத யுஎஸ்பி சாதனங்களை உறங்கவைக்கலாமா என்ற கேள்விக்கு, பேட்டரிப் பக்கம் ‘ஆம்’ என்றிருந்தது. இரண்டு பக்கமும் ‘வேண்டாம்’ ஆக்கினோம். கரன்ட் வரும்வரை விட்டு விட்டு அமுக்கிக்கொண்டே இருந்தோம். ஒரு வார்த்தை விழவில்லை.

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன். கூட வாரீங்களா?” என்றார் ஹேமா. “ஆனா அதுக்கு முன்னாடி, எடுத்த டிக்கையெல்லாம் திரும்பப் போடணும்.”

“எதுக்கும்மா?”

“சொன்னா நம்ப மாட்டாரு. கேட்டா நம்புவாரு.”

மேனேஜர் நல்ல மனிதர். நாற்காலியை இழுத்துப்போட்டார், தண்ணீர் வரவழைத்தார். ஹேமா ஹெட்செட்டை அவரிடம் நீட்டினார்.

“சார், இதை மாட்டிக்கிட்டுக் கண்ணை மூடுங்க.”

“எதுக்கு மேடம்?”

“ஒரு நிமிஷம் நான் உக்கார்ற இடத்துல உக்காந்து பாருங்க.”

தயங்கி மூடினார். அவருக்குப் புரியட்டும் என்று குரலின் வேகத்தைக் குறைத்துவைத்தார் ஹேமா. பிறகு பேச ஆரம்பித்தார். இந்த வேலைக்கு வந்த கதை, தினமும் பேசுகிற மனிதர்கள், சிலர் டாக்டரைக் கேட்காமலேயே தன்னிடம் சொல்லிவிட்டு நிம்மதியாகப் போனை வைத்துவிடுவது... கண்ணை மூடியிருந்த மேனேஜர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். ஹேமா ஒரு கீயை அமுக்கினார்.

“என்ன கேட்டுச்சு சார்?”

“அவைலபிள், எலும்பு டாக்டர்.”

“கண்ணைத் திறங்க.”

திறந்தார். திரையைப் பார்த்தார். ஹெட்செட்டைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு காத்திருந்து, தானே அமுக்கினார். அப்புறம் இன்னொரு தடவை.

“இத்தனை நாளா இதைக் கேட்டுட்டா மேடம்...” என்று ஆரம்பித்தவர் ஹெட்செட்டைக் கழற்றி மேசையில் வைத்தார். “போனை நீங்களே பாருங்க. நான் சொன்னதை மறந்துருங்க” என்றார்.

“போனைப் பாக்குறேன் சார். சொன்னதை மறக்குறதுக்குத்தான் கொஞ்ச நாளாகும்” என்றார் ஹேமா, அதே அன்பான குரலில்.

டிக்கையெல்லாம் மறுபடி எடுத்துவிட்டு, அங்கிருந்தே உசிலம்பட்டிக்காரரைக் கூப்பிட்டார். “அண்ணே, அன்னைக்கு உங்களை அலையவிட்டது நான்தான். மன்னிச்சிருங்க. கம்ப்யூட்டரு ஒரு வார்த்தையை முழுங்கிருச்சு.”

அந்தப் பக்கம், வெளியே கேட்கிற அளவுக்கு ஒரு பெரிய சிரிப்பு. “நாங்க போற ஆபீஸ்ல எல்லாம் இதத்தாம்மா சொல்றாய்ங்க! சரி விடு, அவ வலியில கெடக்கா. எப்ப வரட்டும்? இந்தத் தடவ நல்லாக் கேட்டுச் சொல்லுத்தா.”

ஹேமா இரண்டு தடவை அமுக்கிக் கேட்டுச் சொன்னார். அடுத்த நாளே அந்த அம்மா டாக்டரைப் பார்த்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து என் கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்தேன். மவுஸ், கீபோர்டு, கேமரா... எல்லாவற்றின் ஜாதகத்திலும் அந்தக் குட்டிக் கட்டம், அந்த டிக். நான் அறியாமல் என் சார்பில் எத்தனை அனுமதி! உங்கள் கம்ப்யூட்டரிலும் ஒருமுறை எட்டிப் பாருங்களேன். பயப்பட ஒன்றுமில்லை. ‘சும்மா இருக்கிறது’ என்று அது எதையெல்லாம் நினைக்கிறது என்று பார்ப்பதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது.

நேற்று ஹேமா வீட்டுப் பக்கம் போனேன். போனில் யாரோ ஓர் அம்மா. வீட்டுக்காரருக்கு இருமல் போலிருக்கிறது, மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். ஹேமா ஒரு வார்த்தை குறுக்கே பேசவில்லை. சட்டென்று அந்தக் குரல் நின்று, எனக்கே கேட்கும்படி உயர்ந்தது.

“ஹலோ... ஹலோ... சத்தத்தையே காணோமே, லைன்ல இருக்கீகளா?”

“இருக்கேங்க்கா” என்றார் ஹேமா. “கேட்டுக்கிட்டு இருக்கேன், சொல்லுங்க.”