மாவுப் பசை

இலங்கை மலையகத்து ஹட்டனில் இரண்டு கடை, ஒரு லொறி, மாடிவீடு. ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் தனியாளாகச் சேர்த்தவை. நேற்று என் கடைச் சுவரில் இளைஞர்கள் ஒரு விளம்பரம் ஒட்டினார்கள்: பிள்ளைகளை வீட்டு வேலைக்கு அனுப்பாதீர்கள். மாவுப் பசை மணத்தது.

சின்ன வயதில் ஒரு தீபாவளிக்காக நானும் தங்கச்சி செல்வியும் தேயிலைத் தோட்டத்து லயத்தில் எங்கள் வீட்டுச் சுவரில் பத்திரிகைத் தாள் ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் தரகர் வந்தார்.

"கொழும்புல நல்ல வீடுங்க. மூணு வேளையும் சோறு."

அம்மா தலையாட்டினார்.

"மிச்சத்த நீ ஒட்டு அண்ணே. கோணலா ஒட்டுன, வந்து கிழிச்சிருவேன்" என்று சொல்லித் தரகரோடு போன செல்வி திரும்பவேயில்லை.

காய்ந்த பசையில் அவள் விரல் தடம் இருந்தது. எந்தத் தீபாவளிக்கும் அதன்மேல் தாள் ஒட்ட அம்மா விடவில்லை.

விளம்பரத்தின் அடியில் யார் யார் பெயரோ இருக்கிறது. தம்பிகளே, சுவர் தந்த என்னையும் போடுங்கள். செல்வியின் அண்ணன் என்று போடுங்கள்.